பாண்டுப்பின் கோடைப் பின்னலும் தொட்டிச் செடியும்: ‘பொழுதுபோக்கு’ என்ற கட்டத்துக்குள் அடங்காதவை

மே மாதம் முழுவதும், ஜூன் நடுப்பகுதி வரையிலும், மும்பைப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. ஊருக்கு ரயில் பயணச்சீட்டுக் கிடைத்த தமிழ்க் குடும்பங்கள் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் புறப்பட்டுவிடும். கிடைக்காதவர்கள் நகரிலேயே தங்கிவிடுவர். பாண்டுப் மேற்கின் குன்றுச்சரிவுச் சந்துகளில் அந்த ஆறு வாரங்களின் பிற்பகலுக்கென்று ஒரு தனி உருவம் உண்டு. வாசற்படியில் ஒரு பெண் அமர்ந்திருப்பார். மடியில் உல்லன் நூல் உருண்டையும் கையில் குரோஷா ஊசியும் இருக்கும். அல்லது பாதி பின்னிய வயர்க்கூடை இருக்கும். காலடியில் பழைய பெயின்ட் வாளியில் துளசியோ கற்பூரவள்ளியோ வளர்ந்து நிற்கும். ‘என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்டால், ‘ஒன்றுமில்லை, சும்மா இருக்கிறேன்’ என்பதே பெரும்பாலும் விடையாக வரும்.

சமூக அறிவியல் ஆய்வுகள் இந்த விடையை அப்படியே நம்பிவிட்டன என்பதுதான் இக்கட்டுரையின் குற்றச்சாட்டு. வினாப்படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ‘பொழுதுபோக்கு’ என்றொரு கட்டம் இருக்கும். பின்னலும் செடி வளர்ப்பும் அதற்குள் போய் விழுந்துவிடும், பகுப்பாய்வுக்கு வராது. பெண்களின் உழைப்பைப் பற்றி எழுதுவோர் கூலிக்குச் செய்யப்படுவதைக் கணக்கிடுகின்றனர். கூலியின்றிச் செய்யப்படும் வீட்டுவேலையையும் அண்மைக்காலமாகக் கணக்கிடுகின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே, தனக்குப் பிடித்ததால், தான் விரும்பிய வடிவில், தானே நிர்ணயித்த வேகத்தில் ஒரு பெண் செய்யும் வேலை எந்த ஆய்வேட்டிலும் இடம்பெறாமல் நிற்கிறது.

முதலில் அந்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மும்பைக்குக் கடுங்குளிர் கிடையாது. ஸ்வெட்டர் அணியத்தக்க நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆயினும் உல்லன் நூல் இந்நகரில் விற்றுக்கொண்டேதான் இருக்கிறது. அது வாசற்கதவின் தோரணமாகிறது, தொலைக்காட்சிப் பெட்டியின் மேல்விரிப்பாகிறது, குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடி உறையாகிறது, பிறக்கப்போகும் குழந்தைக்குக் குல்லாயாகவும் காலுறையாகவும் ஆகிறது. தேவை என்ற ஒற்றை அளவுகோலைக் கொண்டு பார்த்தால் இவற்றில் பாதிக்கு மேல் விளக்கமே கிடையாது. பத்துக்குப் பத்து அறையில் குடும்பமே வாழும்போது, அந்த அறையை ‘என் வீடு’ என்று சொல்லவைப்பது இத்தகைய ‘தேவையற்ற’ பொருள்கள்தாம். வயர்க்கூடையில் சிவன் கண், நெல்லிக்காய் என்று பின்னலுக்கேற்பப் பெயர்கள் உண்டு. எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும், எத்தனை வரிசைக்குப் பின் பக்கச்சுவர் எழும்ப வேண்டும் என்பன எல்லாம் பெண்களிடையே வாய்மொழியாகவே கைமாறி வந்த அறிவு.

செடிகளின் நிலையும் இதுவே. வைதரணா, தான்சா, பாத்சா முதலிய நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் மும்பையின் குடிநீரில் பெரும்பகுதி பாண்டுப்பில்தான் சுத்திகரிக்கப்படுகிறது. மாநகராட்சியின் இந்த வளாகம் ஆசியாவின் மிகப் பெரிய நீர் சுத்திகரிப்பு நிலையங்களுள் ஒன்று. 2021 ஜூலை 18 அன்று பெய்த பெருமழையில் இவ்வளாகத்துக்குள் வெள்ளம் புகுந்தபோது, நகரின் பெரும்பகுதிக்குக் குடிநீர் தடைபட்டது. நகரத்துக்கே நீர் தரும் இடத்தின் அருகே, மேட்டுச் சந்துகளில் குழாய் நீருக்காகக் குடங்கள் வரிசையில் காத்திருக்கும் என்பது பாண்டுப்பை அறிந்தவர்களுக்குப் புதிய செய்தியன்று. 2024ஆம் ஆண்டுக் கோடையில் நீர்த்தேக்கங்கள் வற்றவே, மாநகராட்சி மே 30 முதல் 5 விழுக்காடும் ஜூன் 5 முதல் 10 விழுக்காடும் நீர் வழங்கலைக் குறைத்தது. தாளில் 10 விழுக்காடு என்பது குன்றின் உச்சியில் இருப்பவருக்கு அழுத்தம் இல்லாத குழாய். அத்தகைய கோடையிலும் அந்த வாளித் துளசி வாடுவதில்லை. அரிசி கழுவிய நீர், காய்கறி அலசிய நீர் ஆகியவை இரண்டாம் முறை பயன்பட்டுச் செடிக்குப் போகின்றன. நீர் மேலாண்மை குறித்த கருத்தரங்குகளில் ‘மறுபயன்பாடு’ எனப்படுவதை ஒரு வாளிக்கும் ஒரு குவளைக்கும் இடையே நாள்தோறும் நிகழ்த்தும் ஒருவரை, அக்கருத்தரங்குகள் ‘பயனாளி’ என்ற பெயரில் மட்டுமே அறிந்திருக்கின்றன.

இப்போது புள்ளிவிவரத்துக்கு வரலாம். இந்தியாவில் முதல் தேசிய அளவிலான நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்டது. அதற்கு முன் 1998-99இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் முன்னோட்ட ஆய்வு ஒன்று நடந்திருந்தது. ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகின்றனர் என்று 2019 கணக்கெடுப்பு காட்டியது. 2024ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இவ்வெண்கள் முறையே 289, 88 என்றாயின. பெண்ணியப் பொருளியலாளர்கள் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வந்ததற்கு இவ்வெண்கள் அரசின் ஒப்புதலைப் பெற்றுத் தந்தன. அதன் பெருமையை எவரும் மறுக்க இயலாது.

ஆனால் அதே கணக்கெடுப்பின் வகைப்பாட்டில் பாண்டுப்பின் வாசற்படியை வைத்துப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். பன்னாட்டு வகைப்பாட்டு முறைப்படி, சொந்தப் பயன்பாட்டுக்காகப் பயிரிடுவதும் துணிமணி செய்வதும் ‘பொருள் உற்பத்தி’ என்ற பிரிவில் வரும். வீட்டைச் சுற்றியுள்ள செடிகளைப் பராமரிப்பது ‘வீட்டுப் பணி’ என்ற பிரிவில் வரும். விருப்பத்துக்காகச் செய்யும் கைவினை ‘பண்பாடும் ஓய்வும்’ என்ற பிரிவில் வரும். ஆக, ஒரே குவளை நீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றினால் அது உற்பத்தி. பக்கத்துத் தொட்டியின் ரோஜாவுக்கு ஊற்றினால் வீட்டுப் பணி. ‘எனக்குச் செடி என்றால் உயிர்’ என்று அந்தப் பெண் கூறிவிட்டால் பொழுதுபோக்கு. குழந்தைக்குக் குல்லாய் பின்னினால் ஒரு பிரிவு, தோரணம் பின்னினால் வேறொரு பிரிவு. எந்தக் கட்டத்தில் குறிப்பது என்பதைக் களத்தில் முடிவுசெய்பவர், விடை சொல்லும் பெண்ணாக இராமல், பெரும்பாலும் கையில் கருவியோடு வந்த கணக்கெடுப்பாளராகவே இருப்பார்.

வகைப்பாட்டையும் மிஞ்சிய சிக்கல் ஒன்று உண்டு. கணக்கெடுப்பு ஒரு நாளை அரைமணி நேரத் துண்டுகளாகப் பிரிக்கிறது. பத்து நிமிடமேனும் நீடித்த செயல்களையே பதிவு செய்கிறது. பெண்களின் பின்னலோ குக்கரின் மூன்றாவது விசிலுக்கும் நான்காவது விசிலுக்கும் இடையே நடக்கிறது. குழாயில் நீர் வரும்வரை காத்திருக்கையில், தொடர் நாடகத்தின் விளம்பர இடைவேளையில், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் தலைமாட்டில் நடக்கிறது. ஓய்வு என்பது ஆண்களுக்கு ஒரு தொடர்ச்சியான வேளை. இப்பெண்களுக்கு அது வேலைகளின் இடுக்குகளில் சிதறிக் கிடக்கும் துணுக்கு. குரோஷா ஊசி இந்தத் துணுக்குகளுக்கென்றே அமைந்த கருவி போலிருக்கிறது. எந்தக் கண்ணியிலும் நிறுத்தலாம், எந்த நேரத்திலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கருவியின் இந்தப் பண்பே அதைக் கணக்கெடுப்பின் கண்ணிலிருந்து மறைத்தும் விடுகிறது.

இதற்கு எதிர்ப்புறத்தில் ஓர் எச்சரிக்கையும் நிற்கிறது. அதைப் புறக்கணித்துவிட்டுப் பின்னலைப் போற்றுவது நேர்மையாகாது. ஆந்திரத்தின் நரசாப்பூரில் குரோஷா லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. உலகச் சந்தைக்காக நாள்தோறும் பல மணி நேரம் உழைத்த அப்பெண்கள் ‘வீட்டில் சும்மா இருப்பவர்கள்’ என்றே கருதப்பட்டனர். அவர்களது உழைப்பு ‘ஓய்வுநேரச் செயல்’ என்று பெயர் பெற்றது. அந்தப் பெயரே கூலியை அடிமட்டத்தில் வைத்திருக்கப் போதுமானதாக இருந்தது. வணிகர்களும் ஏற்றுமதியாளர்களும் செழித்தனர். பின்னியவர்கள் இல்லத்தரசிகளாகவே எண்ணப்பட்டனர். நரசாப்பூர் லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொருளுக்குக் கிடைத்த அந்தப் பெயர்க்காப்பு, பின்னியவரின் கூலிக்குக் கிடைத்த காப்பாக ஆகிவிடாது.

மும்பைக்கும் இப்பாடம் பொருந்தும். 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலை வேலை என்ற தூண் நகரில் சரிந்தது. லால் பகதூர் சாஸ்திரி சாலையை ஒட்டி முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பகுதிகளில் இருந்த தொழிற்சாலைகள் பலவும் பின்வந்த பத்தாண்டுகளில் மூடப்பட்டன. அவை நின்ற நிலங்களில் அடுக்குமாடிகளும் வணிக வளாகங்களும் எழுந்தன. ஆண்களின் மாதச் சம்பளம் நின்றுபோன வீடுகளுக்குள் டஜன் கணக்குக் கூலி வேலை நுழைந்தது. ஆயத்த ஆடையின் நூல்முனை வெட்டுதல், போலி நகைக்கு மணி கோத்தல், பொட்டு ஒட்டுதல், ராக்கி கட்டுதல் ஆகியவற்றை அதே வாசற்படியில் அதே பெண்கள் செய்கின்றனர். வீட்டிலிருந்து உழைப்போருக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் நிறைவேறியது. இந்தியா அதனை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. எனவே ‘பொழுதுபோக்கு’ என்ற சொல் வெள்ளந்தியான சொல் அன்று. கூலி கேட்கும் வாயை அடைப்பதற்கும் அது பயன்பட்டிருக்கிறது.

இங்கேதான் ஆய்வாளர்கள் பலர் வழுக்கிவிடுகின்றனர். மீஸைப் படித்த பின், ஊசி பிடித்த கை எல்லாமே சுரண்டப்படும் கை என்று தோன்றத் தொடங்குகிறது. வளர்ச்சித் துறையினருக்கோ ஊசி பிடித்த கை எல்லாமே சுயதொழில் வாய்ப்பாகத் தோன்றுகிறது. ‘நன்றாகப் பின்னுகிறீர்களே, குழுவாகச் சேர்ந்து விற்கலாமே’ என்பது அவர்களுடைய முதல் வாக்கியம். இரு தரப்புக்கும் பொதுவான பிழை ஒன்றுண்டு: சந்தையோடு இணைத்துப் பார்க்காமல் ஒரு பெண்ணின் கைவேலைக்குப் பொருள் காண இரண்டினாலும் முடிவதில்லை. காலையில் நூல்முனை வெட்டிய கை மாலையில் தோரணம் பின்னுகிறது. இரண்டும் நூல்தான், இரண்டும் விரல்தான். வேறுபாடு எங்கே என்றால், யாருக்காக என்பதையும் எப்போது நிறுத்துவது என்பதையும் யார் தீர்மானிக்கிறார் என்பதில்தான். முந்தையதில் முகவர் தீர்மானிக்கிறார்; பிந்தையதில் பின்னுபவர் தீர்மானிக்கிறார். பிடிக்கவில்லையென்றால் முழுவதையும் பிரித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். கூலி வேலையில் பிரித்தல் இழப்பு; சொந்தப் பின்னலில் அது உரிமை. நாள் முழுதும் பிறர் நேரத்துக்கு ஆடும் ஒருவருக்கு இந்த உரிமை எவ்வளவு பெரியது என்பதை விலைப்பட்டியலில் எழுதிக்காட்ட முடியாது.

பாண்டுப்பிலும் தாராவியிலும் வாழும் தமிழர்களில் கணிசமானோர் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அந்தத் தென்மாவட்டங்களுக்குப் பெண்களின் நூல்வேலையில் இரு நூற்றாண்டு வரலாறு உண்டு. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் 1820களில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து, அக்கலையை இடையன்குடிக்குக் கொண்டுசென்றார். லேஸ் பின்னிச் சேர்த்த பணத்தைக் கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தம்மை மீட்டுக்கொண்டனர் என்று மிஷன் வரலாறுகள் குறிப்பிடுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிப்பு ஆணை 1855இல்தான் வந்தது என்பதையும் மேலாடை உரிமைக்கான போராட்டம் அக்காலத்திலேயே நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நூலும் ஊசியும் அப்பெண்களுக்கு என்னவாக இருந்தன என்பது விளங்கும். அதே நூல்வேலை அப்பெண்களை அடக்க ஒடுக்கமான கிறித்தவ மனைவியராக வார்த்தெடுக்கும் கருவியாகவும் இருந்தது என்பதும் உண்மையே. விடுதலையும் ஒழுங்குபடுத்தலும் ஒரே நூலில்தான் ஓடின.

கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. தமிழ்த்துறை மாணவர் எவரும் அந்த ஆண்டை மறவார். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அவருக்கு மெரினாவில் சிலையும் எழுந்தது. எலைசாவின் லேஸ் பள்ளியோ மிஷன் வரலாற்றின் ஓரிரு பத்திகளில் நிற்கிறது. அப்பள்ளியில் பின்னிய பெண்களின் பெயர்கள் அந்த அளவுக்குக்கூட எட்டவில்லை. மொழியின் வேர்களைத் தேடிய உழைப்பு புலமையென்றும், கண்ணி எண்ணிய உழைப்பு கைவேலையென்றும் பிரிந்த இடம் இது. அந்தப் பிரிவினையை இன்றைய பல்கலைக்கழகமும் கேள்வியின்றித் தொடர்கிறது.

பின்னலில் அறிவு இல்லை என்று கருதுவோர்க்கு ஒரு செய்தி. எதிர்மறை வளைவு கொண்ட மிகைவளையத் தளத்தைக் கையில் தொட்டுக் காட்டத்தக்க உறுதியான மாதிரியாக ஆக்குவதில் கணிதவியலாளர்கள் நெடுங்காலம் திணறினர். காகித மாதிரிகள் எளிதில் கிழிந்தன. கார்னெல் பல்கலைக்கழகத்தின் டைனா டைமினா 1997இல் அதைக் குரோஷா ஊசியால் பின்னிக் காட்டினார். குறிப்பிட்ட எண்ணிக்கைக் கண்ணிகளுக்கு ஒருமுறை ஒரு கண்ணியைக் கூட்டிக்கொண்டே போனால் தளம் தானாகவே அலையலையாக மடிந்துகொள்ளும். ஊசி பிடித்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்: கண்ணியைக் கூட்டினால் விளிம்பு சுருளும், குறைத்தால் குவியும். குல்லாயின் குவிவும் கொசுவத்தின் அலையும் இந்த விதியால் ஆனவை. அவர்கள் இதனைத் தேற்றமாக எழுதவில்லை. எழுதும்படி எவரும் கேட்கவும் இல்லை.

இக்கலைக்குப் பொதுவெளியில் ஒருமுறை பெரும் வெளிச்சம் கிடைத்தது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழு 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷா போர்வையை விரித்து உலக சாதனை படைத்தது. ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் தத்தம் வீடுகளில் பின்னிய சதுரங்களின் தொகுப்பு அது. அந்நிகழ்வின் அழகு, தனித்தனி வீடுகளின் துணுக்கு நேரங்கள் ஒரே தரையில் ஒன்றாக விரிந்ததில் இருக்கிறது. அதன் துயரம், உலக சாதனை என்ற அளவுகோல் வந்த பிறகே அந்த நேரங்கள் செய்தியாக மாறின என்பதில் இருக்கிறது. ஏக்கர்க் கணக்கில் பின்னினால் சாதனை. வாசற்கதவின் அகலத்துக்குப் பின்னினால் ‘சும்மா இருத்தல்’.

செடிக்கும் அரசு ஆதரவு இல்லாமல் போகவில்லை. தமிழ்நாட்டின் தோட்டக்கலைத் துறை 2013-14 முதல் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கான தொகுப்புகளை மானிய விலையில் வழங்கிற்று. நல்ல திட்டம். ஆனால் அதன் பெயரிலேயே ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது: மாடி வேண்டும். மாடி சொந்தமாக இல்லாதவரின் தோட்டம் வாசற்படியிலும் சன்னல் கம்பியிலும் தகரக் கூரை விளிம்பிலும்தான் நடக்கும். அந்த வாசற்படிதான் இப்போது பறிபோகிறது.

மும்பையின் குடிசை மறுவாழ்வு ஆணையம் 1995இல் அமைந்தது. தகுதியுடைய குடும்பத்துக்குத் தொடக்கத்தில் 225 சதுர அடி, பின்னர் 269, இப்போது 300 சதுர அடி என்று வீட்டின் பரப்பு கூட்டப்பட்டிருக்கிறது. சால்களும் குடிசைச் சந்துகளும் நிறைந்த பாண்டுப் போன்ற புறநகர்களில் இத்திட்டம் கடந்து செல்லாத குன்றும் சந்தும் குறைவு. சொந்தப் பெயரில் உறுதியான வீடு, உள்ளேயே கழிப்பறை, குழாயில் நீர்: இவை அற்பப் பேறுகள் அல்ல. மழைக்காலத்தில் மண்சரிவுக்கு அஞ்சி விழித்திருக்கும் குடும்பத்திடம் போய் வாசற்படியின் பெருமை பேசுவது கொடுமை. குடிசை வாழ்வைக் கவிதையாக்க எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் ஒரு கணக்கு அங்கே விடுபடுகிறது. 300 சதுர அடி என்பது நான்கு சுவர்களுக்கு உட்பட்ட அளவு. பழைய வீட்டில் அந்தச் சுவர்களுக்கு வெளியே அரை வீடு இருந்தது. வாசற்படி, அதற்கெதிரே உள்ள வாசற்படி, இரண்டுக்கும் நடுவே சந்தின் வெளிச்சம் ஆகியவை எந்த வரைபடத்திலும் குறிக்கப்படாத இடங்கள். புதிய கல்யாணப் பெண் பக்கத்து வீட்டு அக்காவிடம் ‘இந்த வரிசையில் எத்தனை கண்ணி?’ என்று கேட்டது அங்கேதான். துளசி தளிர்த்ததும் அங்கேதான். நெருக்கியடித்து நிற்கும் மறுவாழ்வுக் கோபுரங்களின் நடைபாதை இருண்டு கிடக்கும். தீ விபத்து விதிப்படி அங்கே தொட்டி வைக்கவும் இயலாது. கதவைச் சாத்தினால் ஒவ்வொருவரும் தனியர்.

வெளிச்சம் என்பது அழகுணர்ச்சியின் பேச்சாகத் தோன்றலாம். கோவண்டி, மான்கூர்ட் பகுதிகளின் மறுகுடியமர்வுக் கட்டடங்களில் ‘டாக்டர்ஸ் ஃபார் யூ’ அமைப்பு மேற்கொண்டு 2018இல் வெளியான ஆய்வு, வெளிச்சமும் காற்றோட்டமும் குறைந்த கீழ்த்தளங்களில் காசநோய் கூடுதலாக இருப்பதைச் சுட்டியது. ஒரு கட்டடத்தின் நடைபாதையில் துளசி பிழைக்குமா என்ற கேள்வி, அதற்குள் வாழும் மனிதரின் நுரையீரல் பிழைக்குமா என்ற கேள்வியிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. தொட்டிச் செடி கட்டட வல்லுநர்க்குக் கிடைத்த மிக மலிவான ஒளிமானி. அதைப் ‘பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கியதால் அந்த ஒளிமானி காட்டிய அளவையும் படிக்காமல் விட்டாயிற்று.

ஆலிஸ் வாக்கர் 1974இல் எழுதிய கட்டுரையொன்றில், வயல்வேலையும் பிள்ளைகளும் வறுமையும் சூழ்ந்த நிலையிலும் எந்த இற்றுப்போன வீட்டுக்குக் குடிபோனாலும் அங்கே பூந்தோட்டம் எழுப்பிய தன் தாயைப் பற்றிப் பேசுகிறார். தாய்மார்களின் கலை எங்கே என்று தேடுவோர் நூலகத்தில் தேடாமல் தோட்டத்தில் தேட வேண்டும் என்பது அவருடைய வாதம். தமிழாய்வில் அக்கட்டுரை மேற்கோளாகப் பலமுறை வந்திருக்கிறது. அதன் வழிகாட்டலில் மும்பைத் தமிழ்ப் பெண்களின் வாசற்படிக்குச் சென்ற ஆய்வுகள்தாம் அரிது. புலம்பெயர்ந்த தமிழர் ஆய்வு என்றால் சங்கங்கள், இதழ்கள், அரசியல் இயக்கங்கள், கவிதைத் தொகுப்புகள் என்றே பட்டியல் நீள்கிறது. இவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் கூடிய இடங்கள். பெண்கள் கூடிய இடத்தில் தீர்மானம் நிறைவேற்றப்படவில்லை, இதழும் அச்சாகவில்லை, நூல்தான் பின்னப்பட்டது. ஆவணம் இல்லை என்று சொல்லிவிட்டு ஆய்வு அங்கிருந்து திரும்பிவிட்டது. அந்தத் தோரணமே ஆவணம் என்பது உறைக்கவில்லை.

ஆகவே மூன்று செயல்கள் உடனடியாகச் செய்யத்தக்கவை. முதலாவது, கள ஆய்வுப் படிவங்களில் ‘பொழுதுபோக்கு’ என்ற ஒற்றைக் கட்டத்தைக் கைவிட வேண்டும். யாருக்காகச் செய்யப்பட்டது, யார் நேரத்தை நிர்ணயித்தார், வேறெந்த வேலையோடு சேர்த்துச் செய்யப்பட்டது ஆகிய கேள்விகளை அதனிடத்தில் வைக்க வேண்டும். அப்போதுதான் டஜன் கணக்கு வேலை ஓய்வு என்ற போர்வையில் ஒளிந்துகொள்ள முடியாது. உண்மையான ஓய்வும் வேலைக்கணக்கில் கரைந்துபோகாது. இரண்டாவது, தமிழ்த்துறைகளும் நாட்டார் வழக்காற்றியல் துறைகளும் பின்னல் வகைகளின் பெயர்களையும் முறைகளையும், அவற்றைச் சொன்னவரின் ஒப்புதலோடு, பதிவு செய்ய வேண்டும். தாயிடம் இச்சொற்களைக் கற்ற மும்பைத் தலைமுறை முதுமையை எட்டுகிறது. அடுத்த தலைமுறை காணொளி பார்த்து ஆங்கிலப் பெயர்களோடு பின்னுகிறது. பின்னல் பிழைக்கலாம், சொற்கள் பிழைக்கா. மூன்றாவது, மறுவாழ்வுக் கட்டடங்களின் வடிவமைப்பை மதிப்பிடும் ஆய்வுகள் சதுர அடியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு தளத்திலும் நான்கு பெண்கள் பிற்பகலில் பகல் வெளிச்சத்தில் ஒன்றாக அமர இடமுண்டா, அங்கே ஒரு வாளிச் செடி உயிர்வாழுமா என்று அவை கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

ஜூன் இரண்டாம் வாரத்தில் பருவமழை வரும். வாசற்படி நனைந்துவிடும், ஊசியும் நூலும் உள்ளே போய்விடும், பள்ளிகள் திறக்கும், செடிக்கு இனி எவரும் நீர் ஊற்ற வேண்டியதில்லை. அந்த ஆறு வாரங்களில் பாண்டுப்பின் சந்துகளில் எத்தனை தோரணமும் குல்லாயும் கூடையும் உருவாயின என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. சொல்லாததால் அவை நிகழாமல் போய்விடவில்லை. ‘சும்மா இருக்கிறேன்’ என்ற விடையைக் கேட்டதும் படிவத்தை மூடிவிடாமல், ‘கையில் இருப்பது என்ன?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்பதிலிருந்துதான் அந்தப் பதிவேடு தொடங்க வேண்டும்.